சந்தோஷமா இருக்கேனான்னு கேட்டுக் கேட்டே…

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருப்பூரில் பதினெட்டு பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மிஷின்) போட்டு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை எடுக்கும் தம்பி. வயது முப்பத்து நான்கு, சொந்த ஊர் காங்கேயம் பக்கம். கடன் பெரும்பாலும் அடைந்துவிட்டது, கார் வாங்கியாயிற்று, வருடத்துக்கு இரண்டு டூர், அதில் போட்டோ எடுப்பது இவர்தான். காலையில் தியானம், ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடை, படுக்கும்முன் நன்றிக் குறிப்பு (அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றியதை எழுதிவைப்பது) எல்லாம் உண்டு. "இத்தனையும் பண்ணியும், இப்ப சந்தோஷமா இருக்கேனான்னு என்னையே கேட்டா பதில் வரமாட்டேங்குதுங்க. எங்கப்பா அறுபத்தெட்டு வயசுல செம்மறிய ஓட்டிக்கிட்டு, இந்தக் கேள்வியே கேக்காம நிம்மதியா இருக்கறாரு. அனுபவிச்சு வாழறதா, வேலைல மூழ்கறதா, நாலு பேருக்கு நல்லது பண்றதா, எதுங்க சரியான வழி?"

தம்பி, நான் கோவையில் இருபத்தாறு வருடம் உளவியல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். இதே கேள்வியை வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். நீங்கள் சொன்ன மூன்று வழியிலும் கோளாறு இல்லை. மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டு தராசு பிடிக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். இது சட்டென்று சொன்ன பதில். முழுசாகச் சொல்ல உட்கார்ந்து பேச வேண்டும்.

நீங்கள் பிரித்த மாதிரியே மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பீட்டர்சன், நான்சுக் பார்க், மார்ட்டின் செலிக்மன் மூவரும் 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையம் வழியாக 845 பேரிடம் பதினெட்டு கேள்வி கேட்டார்கள். ஆறு கேள்வி இன்பத்தைப் பற்றி, ஆறு ஈடுபாட்டைப் பற்றி, ஆறு வாழ்க்கையின் பொருளைப் பற்றி. கூடவே, தன் வாழ்க்கை தனக்கு நிறைவாக இருக்கிறதா என்றும் கேட்டார்கள். மூன்றுமே நிறைவோடு சேர்ந்துதான் வந்தன. ஆனால் ஈடுபாடும் பொருளும் சேர்ந்து வந்த அளவுக்கு இன்பம் வரவில்லை. மூன்றிலும் தாழ்ந்தவர்கள்தான் ரொம்பவும் நிறைவில்லாதவர்கள்; மூன்றிலும் உயர்ந்தவர்கள் எல்லோருக்கும் மேலே. ஆக "எது சரி" என்ற உங்கள் கேள்விக்கு அவர்களிடம் ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அது ஒரே தடவை கேட்டு எடுத்த கணக்கு. வேலையில் மூழ்குவதால் நிறைவு வருகிறதா, நிறைவாக இருப்பவனால்தான் மூழ்க முடிகிறதா என்று அதைவைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இன்னொன்று, தமிழில் 'பொருள்' என்றால் அர்த்தமும் அதுதான், காசும் அதுதான். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இரட்டைச் சொல் ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ஒன்றைத் தேடிக்கொண்டு இன்னொன்றைத் தேடுவதாக நம்பி ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம்.

இப்போது தராசு. ஐரிஸ் மாஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2011-இல் வெளியிட்ட சோதனை இது. ஒரு கூட்டத்துக்கு முதலில் ஒரு பத்திரிகைச் செய்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். சந்தோஷமாக இருப்பது எவ்வளவு முக்கியம், அதனால் என்னென்ன நன்மை என்று எழுதியிருந்தது. சோதனைக்காகவே தயாரித்த செய்தி. இன்னொரு கூட்டத்துக்கு அந்தச் செய்தியில் சந்தோஷம் என்ற பேச்சே இல்லை. பிறகு இரண்டு கூட்டத்துக்கும் மகிழ்ச்சியான ஒரு படத்துண்டைப் போட்டுக் காட்டினார்கள், ஐஸ் ஸ்கேட்டிங் ஆட்டக்காரி ஒருத்தி தங்கப் பதக்கம் வாங்குகிற காட்சி. சந்தோஷத்தின் பெருமையைப் படித்துவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதில் சந்தோஷம் குறைவாக இருந்தது. "இதுக்கு நான் இன்னும் பூரிச்சிருக்கணுமே" என்ற ஏமாற்றம் நடுவில் புகுந்துவிட்டது. சோகமான படம் போட்டபோது இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. சோகப்படம் பார்க்கும்போது சந்தோஷமாக இருந்தாக வேண்டும் என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்வதில்லை அல்லவா.

அதே ஆய்வின் முதல் பகுதி உங்களுக்கென்றே செய்தது போலிருக்கும். சந்தோஷத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுபவர்களுக்கு மனநலம் குறைவாக இருந்தது, ஆனால் வாழ்க்கையில் நெருக்கடி குறைவாக இருந்தவர்களிடம்தான் அப்படி. நெருக்கடியில் இருப்பவனுக்குச் சாக்கு இருக்கிறது: ஷிப்மென்ட் நிற்கிறது, பார்ட்டி குறை சொல்லிப் பணத்தைப் பிடித்துவிட்டான், அதனால் மனசு சரியில்லை. கடன் அடைந்து, கார் வாசலில் நிற்கும்போது சாக்கு தீர்ந்துபோகிறது. "எல்லாம் இருந்தும் ஏன் இல்லை" என்று தன்மேலேயே பழி விழுகிறது.

2003-இல் ஜோனதன் ஸ்கூலர் குழு இசையை வைத்து இன்னொன்று செய்து பார்த்தது. ஒரு சாரார் சும்மா கேட்க வேண்டும். இன்னொரு சாரார், கேட்கும்போதே முடிந்தவரை சந்தோஷமாக இருக்க முயல வேண்டும். முயன்றவர்களுக்கு மனநிலை இறங்கியது. தீபாவளியை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரமாகக் கணக்குப் போட்டு, போனஸ் வாங்கி, இந்தத் தீபாவளி ஜமாய்க்க வேண்டும் என்று ஊருக்குப் போனால் பத்து மணிக்கெல்லாம் ஒரு சலிப்பு வந்துவிடும். எதிர்பார்க்காமல் ஒரு ஆவணி மாதத்து மழைநாளில் கரண்ட் போய், வாசலில் உட்கார்ந்து எல்லோரும் சோளம் சுட்டுத் தின்றது பத்து வருடம் கழித்தும் ஞாபகம் இருக்கும்.

நன்றிக் குறிப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நானும் சூடுபட்டவள். ஓய்வு பெற்ற புதிதில் தினமும் இரவு மூன்று வரி எழுதினேன். முதல் பத்து நாள் அருமை. நாற்பதாவது நாள் வாக்கில் பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்தால் "காபி நன்றாக இருந்தது" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறேன். மளிகைக் கடைப் பாக்கி நோட்டுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சோன்யா லியுபொமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான்: வாரம் ஒருதடவை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்கு இல்லை. நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"அப்படீன்னா சந்தோஷத்தைத் தேடவே கூடாதுங்களா?" என்று கேட்பீர்கள். அது அப்படியுமில்லை. பிரெட் ஃபோர்டும் மாஸும் வேறு சிலரும் சேர்ந்து 2015-இல் நான்கு பகுதி மாணவர்களை ஒப்பிட்டார்கள்: அமெரிக்கா, ஜெர்மனி, ரஷ்யா, கிழக்காசியா (ஜப்பானும் தைவானும்). அமெரிக்காவில் சந்தோஷத்தை வலிந்து தேடியவர்களுக்கு நலம் குறைவு. ஜெர்மனியில் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. ரஷ்யாவிலும் கிழக்காசியாவிலும் தேடியவர்களுக்கு நலம் கூடுதலாக இருந்தது. காரணம் அவர்கள் தேடிய இடம். அங்கெல்லாம் சந்தோஷத்தைத் தேடுவது என்றால் நண்பரைப் பார்க்கப் போவது, உறவுக்காரருக்கு உதவுவது, கூடி உட்காருவது. அமெரிக்க மாணவருக்கு அது தனக்குள் எட்டிப் பார்ப்பதாகவே முடிந்துவிடுகிறது.

நம் ஊரில் இதே ஆய்வைச் செய்தால் என்ன வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் பட்டியலை நீங்களே பாருங்கள். தியானம் தனியாக, குறிப்பு தனியாக, ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடப்பது தனியாக. டூரில்கூட குடும்பத்தை போட்டோ எடுப்பவர் நீங்கள்தான், போட்டோவில் நீங்கள் இல்லை. பிறந்தது கொங்குநாட்டில், சந்தோஷம் தேடுவது மட்டும் அமெரிக்க மாணவன் போல.

இரண்டாவது வழி, மூழ்குவது. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கையிலேயே இருப்பதை நீங்கள் மதிக்கவில்லை. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற ஹங்கேரிய வம்சாவளி உளவியலாளர் இதற்கு 'ஃப்ளோ' என்று பெயர் வைத்தார். வேலை நம் திறமைக்குச் சரியாகச் சவால் விட வேண்டும், ரொம்பச் சுலபமாகவும் இருக்கக்கூடாது, மலைப்பாகவும் இருக்கக்கூடாது. செய்தது சரியா தப்பா என்று உடனுக்குடன் கைக்குத் தெரிய வேண்டும். அப்போது நேரம் போவது தெரியாது, 'நான்' என்ற நினைப்பே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிடத்தில் சந்தோஷம்கூடத் தெரியாது. எழுந்த பிறகுதான் "நல்லா இருந்துச்சு" என்று தோன்றும்.

அவரும் ஜூடித் லெஃபெவ்ரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. உழைக்கும் ஆட்களிடம் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். மூழ்கிய நேரம் ஓய்வில் இருந்ததைவிட வேலையில்தான் பெரும்பாலும் வந்தது. ஆனால் அதே ஆட்கள் வேலையில் இருக்கும்போது "வேறெங்காவது இருந்தால் தேவலை" என்றும் எழுதினார்கள். 'வேலை' என்று பெயர் விழுந்துவிட்டால் அதில் கிடைக்கும் சுகத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் போலிருக்கிறது. உங்கள் யூனிட்டில் ஓவர்லாக் மிஷினில் பழகிய கை ஓடுவதைப் பாருங்கள். நீங்களே ஒரு காலத்தில் கட்டிங் டேபிளில் நின்றவர்தானே? இப்போது நாள் முழுக்க போனும் பேமென்ட் ஃபாலோ-அப்புமாக இருக்கிறீர்கள் என்றால், வருமானம் ஏறியபோது கைவேலை கையைவிட்டுப் போயிருக்கிறது. அந்த நஷ்டத்தை எந்த ஆடிட்டரும் எழுதிக்காட்ட மாட்டார்.

வேலைக்கு வெளியே இது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஒயில் கும்மி நடக்கும் ஊருக்கு ஒரு ராத்திரி போய்வாருங்கள். கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ஆட்டம் இன்னும் பரவியிருக்கிறது. அடி எடுத்துவைப்பது ஒரே மாதிரி இருக்க வேண்டும், பாட்டு ஓட்டம் கூடக்கூடக் கால் ஈடுகொடுக்க வேண்டும், ஒருத்தர் பிசகினால் வட்டமே தடுமாறும். சவால், உடனடிப் பதில், பக்கத்தில் ஆள், மூன்றும் ஒரே வட்டத்தில். ஆடுகிறவரை நிறுத்தி "சந்தோஷமா இருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், அடி தப்பிவிடும்.

திருக்குறளில் 'இன்பம் விழையான்' என்று ஒன்றுபோலத் தொடங்கும் குறள்கள் இரண்டு உண்டு. 628-இல் இன்பத்தை விழையாமல், கஷ்டம் வருவது இயல்பு என்று இருப்பவன் துன்பப்படுவதில்லை. 615-இல் அடுத்த சொல்லே 'வினைவிழைவான்'. ஆசையை அறுக்கச் சொல்லவில்லை பாருங்கள். இன்பத்தின்மேல் இருந்த ஆசையைச் செய்கிற காரியத்தின்மேல் மாற்றி வைக்கிறார். அப்படிப்பட்டவன் சுற்றத்தாரின் துன்பத்தைத் துடைத்துத் தாங்கும் தூண் என்று முடிக்கிறார். நீங்கள் சொன்ன இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் ஒன்றே முக்கால் அடிக்குள் வந்துவிட்டன.

இதைச் சொன்னதும் நம் பக்கத்து ஆட்கள் குதித்துக்கொண்டு வருவார்கள்: "பாத்தீங்களா, சொகுசு ஆகாது, ஒழைக்கணும்." அவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே வள்ளுவர் காமத்துப்பாலுக்கென்று 250 குறள் ஒதுக்கியவர். இன்பம் மற்ற இரண்டை விடப் பின்தங்கியது என்றுதான் முதலில் சொன்ன 845 பேர் ஆய்வு சொல்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. கொங்குநாட்டில் இன்பத்தில் திளைத்துக் கெட்டவரைவிட, இன்பத்தைத் தள்ளிப்போட்டே தீர்ந்தவர்கள் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பெரிய வீடு கட்டுவோம், ஹாலில் தேக்கு ஊஞ்சல் மாட்டுவோம், அதில் உட்கார ஆள் இருக்காது. சோபா மேல் பிளாஸ்டிக் உறை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். "இன்னும் ரெண்டு வருஷம், பொண்ணுக்கு முடிச்சுட்டா அப்பறம்…" அந்த ரெண்டு வருஷம் நகர்ந்துகொண்டே போகும். லஹ்னா கேட்டலினோ, சாரா அல்கோ, பார்பரா ஃபிரெட்ரிக்சன் 2014-இல் பார்த்தது இது: தினசரி வாழ்க்கையை ஒழுங்கு பண்ணும்போதே தனக்குப் பிடித்த காரியத்துக்கு இடம் விட்டு வைப்பவர்களுக்கு மனநலம் நன்றாக இருக்கிறது. அவர்கள் சந்தோஷத்தை அளப்பவர்கள் இல்லை. சந்தோஷம் வந்துபோகிற வழியில் முள்ளை வெட்டி வைப்பவர்கள்.

மூன்றாவது வழியிலும் நமக்கு ஒரு வழுக்கல் உண்டு. "எல்லாம் பசங்களுக்காகத்தான்" என்று சொல்வதை அர்த்தமுள்ள வாழ்க்கை என்று நம்புகிறோம். பிள்ளை கேட்டது அப்பா பக்கத்தில் உட்காருவதை. கிடைத்தது சைட்டு பத்திரம். டிம் காஸரும் ரிச்சர்ட் ரயனும் 1993-இலேயே எழுதினார்கள், பணத்தில் ஜெயிப்பதை வாழ்க்கையின் மற்ற நோக்கங்களுக்கு மேலே வைத்தவர்களுக்கு மனநலம் தாழ்வாக இருந்தது என்று. அடுத்தவருக்குச் செய்வதில் பலன் இருப்பது உண்மைதான். எலிசபெத் டன் குழு 2008-இல் ஆட்களுக்கு 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, சாயங்காலத்துக்குள் செலவழிக்கச் சொன்னது. அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் அதிகம் மகிழ்ந்தார்கள், தொகை எவ்வளவு என்பது பெரிசாகவில்லை. ஆனால் மொய் நோட்டில் ஏறுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது திரும்பி வர வேண்டிய பணம்.

பணம் என்றதும் ஒரு பழைய கதையையும் திருத்திவிடுகிறேன். லாட்டரி விழுந்தவனும் விபத்தில் கைகால் முடங்கியவனும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷமாகிவிடுவார்கள் என்று மேடைப் பேச்சாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். 1978-இல் பிலிப் பிரிக்மன் குழு செய்த ஆய்வு அது. லாட்டரி வென்றவர்கள் வெறும் 22 பேர். அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி சந்தோஷமாக இல்லை, சின்னச் சின்ன அன்றாடச் சுகங்களில் ருசி குறைந்திருந்தது, அது சரி. ஆனால் விபத்துக்குள்ளானவர்கள் மற்றவர்களைவிடத் தாழ்ந்துதான் இருந்தார்கள். நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான். பிற்பாடு சுவீடனில் லாட்டரி வென்றவர்களைப் பெரிய அளவில் தொடர்ந்து பார்த்தபோது, வாழ்க்கை நிறைவு வருடக்கணக்கில் உயர்ந்தே இருந்தது. கில்லிங்ஸ்வொர்த்தும் கானமனும் மெல்லர்ஸும் 2023-இல் சேர்ந்து எழுதியதிலும், பெரும்பாலானவர்களுக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறுகிறது. ரொம்பவும் மனம் வாடியிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் ஒரு வருமானத்துக்குமேல் ஏறுவது நின்றுவிடுகிறது. ஆக பணம் ஒன்றுமில்லை என்று உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. கடன் அடைந்ததில் கிடைத்த தூக்கம் நிஜம்.

பழகிப்போவதும் நிஜம். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்துக் கிணற்றில் கவலை ஏற்றம் கட்டி மாட்டை வைத்து இறைத்தார்கள். பிறகு மோட்டார். பிறகு கிணற்றுக்குள்ளேயே போர். அப்புறம் திருச்செங்கோட்டு ரிக் லாரியை வரவழைத்து ஆயிரம் அடி. ஆழம் கூடக்கூட, புகைந்து வரும் மண்தூள்தான் மிச்சம். தண்ணீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓட்டையை இன்னும் ஆழப்படுத்துவதற்கு முன்னால் மழைத்தண்ணி எங்கே ஓடுகிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

உங்கள் அப்பாவைப் பற்றி. ரயனும் எட்வர்ட் டெசியும் மனிதன் தழைக்க மூன்று தேவை என்கிறார்கள்: தன் காரியம் தன் இஷ்டப்படி நடப்பது, செய்வதில் கை தேர்ந்திருப்பது, ஒட்டுறவு. கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) எந்தப் பட்டியில் கொழுக்கட்டைப் புல் எவ்வளவு நிற்கிறது, செம்மறியை என்றைக்கு அடுத்த காட்டுக்கு மாற்றுவது, கிளுவை வேலி எங்கே விட்டிருக்கிறது, எல்லாம் அவர் முடிவு, அவர் கணக்கு. சாயங்காலம் படலைச் சாத்திவிட்டு டீக்கடைத் திண்ணை. மூன்றும் இருக்கிறது. கேள்வி கேட்காததால் அவருக்கு நிம்மதி வரவில்லை. நிம்மதி இருப்பதால் கேள்வி எழவில்லை.

ஆனால் இதைவைத்து அந்தத் தலைமுறையையே தூக்கிப் பிடிக்காதீர்கள். எங்கள் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) ஒருநாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. காலை நான்கு மணிக்குச் சாணி அள்ளத் தொடங்கினால் ராத்திரி கடைசி ஆளாகச் சாப்பிடுவார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் கேட்கவில்லை. அதற்கு நிம்மதி என்று பெயர் வைத்தால் அவர் மன்னிக்க மாட்டார். உங்கள் அம்மாவைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

செய்ய வேண்டியதைக் கேட்டால் கொஞ்சம்தான். தியானம் உடம்புக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், "இதனால சந்தோஷம் வந்துச்சா" என்று முடிந்ததும் பரீட்சை வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு அரை நாளாவது கட்டிங் டேபிளுக்கோ சாம்பிள் தைக்கவோ திரும்புங்கள், போனை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு. சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு வீட்டுக்கு ஓடாமல், பழைய கூட்டாளிகளோடு ஒரு மணிநேரம் உட்காருங்கள்; வியாபாரம் பேசாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஊஞ்சல் இருந்தால் ஆடுங்கள்.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிடித்த சாப்பாடும் ருசிக்கவில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால், அது நான் இதுவரை பேசிய விஷயமே இல்லை. அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படி இல்லையென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போய்வாருங்கள். அப்பாவோடு காட்டுக்குள் நடந்து, ஆட்டை அடுத்த பட்டிக்கு ஓட்டிவிட ஒரு கை கொடுங்கள். மத்தியானம் அம்மாவை உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள், அரிசிம்பருப்பு சாதமே போதும். "நீங்க சந்தோஷமா இருக்கீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஏஞ்சாமி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறி, அன்றைக்கே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.